விக்கியை கிளவுடுக்கு மாற்ற ஒரு சனி ஞாயிறு காணுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணினி வேலை முழுவதையும் அவர் ஒருவரே பார்க்கிறார். தலைமை அலுவலகம் வண்ணார்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கிறது; வள்ளியூர், பணகுடி, கயத்தாறில் தள அலுவலகங்கள். எந்தப் பழுதுக் குறியீடு வந்தால் என்ன செய்வது, கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றுவது, மேலே ஏறுமுன் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது என்று எல்லாமே அலுவலகச் சர்வரில் ஓடும் கான்ஃபுளுயன்ஸ் என்ற விக்கியில்தான் (ஊழியர்களே எழுதித் திருத்தும் பக்கங்களின் தொகுப்பு). பதிப்பு 7.13.5; தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். சுமார் 4,200 பக்கங்கள், 38 ஜிபி இணைப்புக் கோப்புகள், பயன்படுத்துவோர் 140 பேர். அதில் 90 பேர் கோபுரம் ஏறும் டெக்னீஷியன்கள். தளத்துக்கு ஒன்றாக மூன்று பொதுக் கணக்குகளில் நுழைந்து படிக்கிறார்கள். காற்றாலைப் பேனல்களில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரைப் போனில் காட்டினால் அந்த இயந்திரத்தின் பக்கம் திறக்கும். அதற்காக ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து சர்வருக்குள் வரும் வழி) திறந்துவிடப்பட்டிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்தது. சர்வரைத் தூக்கி மாடிப்படியில் வைத்துக் காப்பாற்றினார்கள். நான்கு நாள் விக்கி இல்லை. இப்போது முதலாளி, “எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திரும்மா. காப்பி பண்ணிப் போடத்தான, ஒரு சனி ஞாயிறு காணாதா?” என்கிறார். கிளவுட் என்றால் விக்கி அலுவலகச் சர்வரில் இல்லாமல் மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இணையம் வழியாக ஓடுவது. வாசகி கேட்பவை: இரண்டு நாளில் முடியுமா? லைசென்ஸ் ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது, இன்னும் ஓடுகிறது, அப்படியே விட்டால் என்ன? வெளிநாட்டு நிறுவனத்திடம் தரவைக் கொடுப்பது சட்டப்படி குற்றமா? மாற்றிய பிறகு பேக்கப் வேலைகூட இருக்காது, தன் வேலை நிலைக்குமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்று: ரவுட்டரில் திறந்திருக்கும் அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம், இது காத்திருக்காது.

லைசென்ஸ் காலாவதியாகாது என்று நீங்கள் நினைப்பது சரி. சர்வர் வகை லைசென்ஸ் நிரந்தரமானது, மென்பொருள் நாளையும் ஓடும். ஆனால் அதைச் செய்யும் அட்லாசியன் நிறுவனம் சர்வர் வகைக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15 அன்று நிறுத்திவிட்டது. ஆதரவு என்றால் போனில் பதில் சொல்வது மட்டும் இல்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் அடக்கம். உங்கள் 7.13.5 பதிப்பில் 2022 ஜூனில் வெளியான சிவிஇ-2022-26134 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை அடைபடவில்லை, அதற்கான திருத்தம் 7.13.7-இல்தான் வந்தது. அதன் வழியே கடவுச்சொல் எதுவும் இல்லாமல் வெளியார் உங்கள் சர்வரில் தங்கள் கட்டளைகளை ஓட்டலாம். 2023 அக்டோபர் கடைசியில் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2023-22518 இன்னும் மோசம்: உள்ளே நுழையாமலேயே விக்கியை வெறுமையாக்கி, தன்னை நிர்வாகியாக்கிக்கொள்ள அது வழிவிடுகிறது. இணையத்துக்குத் திறந்திருந்த பல சர்வர்களில் இதைக் கொண்டு கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

டெக்னீஷியன்கள் வெளியிலிருந்து படிக்க வயர்கார்டு போன்ற இலவச விபிஎன் (அனுமதித்த போன்கள் மட்டும் அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் தனி வழி) போதும். பழைய கணினி ஒன்றில் அதை நிறுவி, தள மேற்பார்வையாளர்களின் போன்களில் முதலில் போட்டுக்கொடுங்கள். போர்ட்டை மூடிய கையோடு மூன்று இடங்களைப் பாருங்கள். நிர்வாகிகள் குழுவில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருக்கிறதா? கான்ஃபுளுயன்ஸ் ஓடும் லினக்ஸ் பயனருக்கு நீங்கள் எழுதாத கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) இருக்கிறதா? யாரும் பயன்படுத்தாத நடு இரவில் பிராசசர் முழு வேகத்தில் ஓடுகிறதா? ஒன்றிருந்தாலும் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, தெரிந்தவரை வைத்து ஆராயுங்கள். ஊடுருவல் தெரியவந்தால் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு.

இனி சனி ஞாயிறு கணக்கு. முதலாளி சொல்வதில் பாதி உண்மை உண்டு. 38 ஜிபியை ஏற்ற, அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் கணக்குப்படி நாலேகால் மணி நேரம். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்தாலும் ஒரே இரவு. காப்பி பண்ணுவது சின்ன வேலைதான். நாள் கணக்கை விழுங்குவது ஆள் பட்டியலும், மேக்ரோக்களும் (பக்கத்துக்குள் பதித்த, தானாக இயங்கும் சிறு நிரல்கள்), பழைய இணைப்பு முகவரிகளும். இந்த மூன்றையும் பார்க்காமல் இறங்கினால் திங்கட்கிழமை காலையில் பக்கங்கள் எல்லாம் இருக்கும், ஆனால் திறக்க முடியாது, திறந்தாலும் படம் தெரியாது.

ஆள் பட்டியல்

கிளவுடில் ஓர் ஆளை அடையாளம் காட்டுவது மின்னஞ்சல் முகவரிதான். ஒரு முகவரி ஒரே கணக்குக்குத்தான். அட்லாசியனின் இலவச இடமாற்ற உதவிக்கருவியை உங்கள் சர்வரில் நிறுவியதும் அது முதலில் சோதிப்பதும் இதைத்தான்: மின்னஞ்சல் இல்லாதவர், தவறாக எழுதப்பட்டது, இரண்டு பேருக்கு ஒரே முகவரி. உங்கள் மூன்று பொதுக் கணக்குகளும் இங்கேதான் சிக்கும். பொதுக் கணக்குக்குப் போலியாக ஒரு முகவரி வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அட்லாசியனின் ஒப்பந்த விதிக்கும் அது ஒத்துவராது. யார் எந்தப் பக்கத்தை மாற்றினார் என்ற தடமும் போய்விடும். அனுமதிச் சீட்டு நடைமுறையை யாரோ திருத்தி, அதைப் படித்து ஒருவர் மேலே ஏறினால், திருத்தியவர் பெயர் தெரிந்தாக வேண்டும்.

90 பேருக்கும் கணக்கு வாங்கினால் ஆளுக்கு மாதக் கட்டணம் ஏறும், மேலே 18% ஜிஎஸ்டியும் வரும். ரிவர்ஸ் சார்ஜில் (வாங்குபவரே வரியைச் செலுத்தும் முறை) கட்டுவதா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். எழுதுவோர், சரிபார்ப்போர், தள மேற்பார்வையாளர் என்று கணக்கிட்டால் 50 பேர் தேறும். டெக்னீஷியன்களுக்கு அவர்கள் தளத்துக்குரிய நடைமுறைகளை பிடிஎஃப் தொகுப்பாகப் போனிலேயே ஏற்றிக்கொடுங்கள், மாதம் ஒருமுறை புதுப்பித்தால் போதும். கட்டணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பணகுடிப் பக்கம் காட்டுக்குள் நிற்கும் கோபுரத்தின் உள்ளே சிக்னல் இருக்காது. அங்கே நிற்பவருக்கு கிளவுடும் உதவாது, உங்கள் பழைய சர்வரும் உதவாது. கையில் இருக்கும் கோப்புதான் உதவும். ஒவ்வொரு பிடிஎஃபின் தலையிலும் தேதியும் திருத்த எண்ணும் பெரிதாக இருக்கட்டும். பத்து பேர் வரையான இலவசத் திட்டத்தில் பக்க வாரியாக அனுமதியைக் கட்டுப்படுத்த முடியாது. அது உங்களுக்கு ஆகாது.

கணக்குகளைச் சொந்த ஜிமெயிலில் தொடங்க விடாதீர்கள். நிறுவன டொமைனில் முகவரி கொடுத்து, அந்த டொமைன் உங்களுடையது என்று கிளவுடில் நிரூபித்துக்கொண்டால், வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். கடவுச்சொற்கள் இடம் மாறாது, ஒவ்வொருவரும் புதிதாக அமைக்க வேண்டும். இதைத் தளங்களுக்கு முன்கூட்டியே தமிழில் ஒரு பக்கமாக எழுதி அனுப்பிவிட்டால் முதல் நாள் உங்கள் போன் ஓயாமல் அடிக்காது.

மேக்ரோக்களும் ஸ்டிக்கர்களும்

நிர்வாகப் பகுதியில் மேக்ரோ பயன்பாடு என்றொரு திரை இருக்கிறது. எந்த மேக்ரோ எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று அது காட்டும், முதலில் அதைப் பட்டியலாக எடுங்கள். நீங்களே எழுதிய பயனர் மேக்ரோக்கள் கிளவுடில் ஓடாது. எச்டிஎம்எல் மேக்ரோவும் இல்லை. காற்று வேகம் காட்டும் பலகையை அதில் பதித்திருந்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். வரைபடச் செருகுநிரலுக்கு (வரைபடம் போடச் சேர்த்த துணை மென்பொருள்) கிளவுட் வடிவம் இருந்தாலும் அதன் தரவு தானாக வந்துசேரும் என்று நம்ப வேண்டாம். செருகுநிரல் ஒவ்வொன்றுக்கும் கிளவுட் வடிவம் உண்டா, தரவை மாற்ற வழி உண்டா, தனிக் கட்டணமா என்று மூன்று கேள்வி. வழி இல்லாத வரைபடங்களைச் சாதாரணப் படமாக எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்; மூலக் கோப்பும் இணைப்பாகக் கூடவே இருக்கட்டும்.

அடுத்தது முகவரிகள். இடம் மாறும்போது பக்க எண்கள் மாறும். விக்கியின் பக்கங்கள் ‘ஸ்பேஸ்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; ஒன்றாக மாற்றப்படும் பகுதிகளுக்குள்ளான இணைப்புகளை உதவிக்கருவி சரிசெய்துகொள்ளும். ஆனால் யாராவது பழைய சர்வரின் ஐபி முகவரியையும் 8090 போர்ட்டையும் சேர்த்து முழு முகவரியாக ஒட்டியிருந்தால் அது அப்படியே செத்த இணைப்பாக வந்து நிற்கும். உங்கள் கியூஆர் ஸ்டிக்கர்களின் கதியும் இதுதான். அதில் பதிந்திருப்பது வெறும் ஐபி என்றால் ஸ்டிக்கரை மாற்றத்தான் வேண்டும். டொமைன் பெயர் என்றால் பிழைத்தீர்கள்: பழைய பக்க எண், தலைப்பு, பகுதியின் சாவி (அதன் குறு அடையாளப் பெயர்) மூன்றையும் போஸ்ட்கிரெஸிலிருந்து பட்டியலாக எடுத்து, கிளவுடின் புதிய முகவரியோடு ஜோடி சேர்த்து, சின்ன வாடகைச் சர்வர் ஒன்றில் எஞ்சின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருளை வைத்துத் திருப்பிவிடுங்கள். 4,200 பக்கத்துக்கும் தேவையில்லை, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கங்களுக்கு மட்டும் போதும். புதிதாக அச்சிடுகிற ஸ்டிக்கர் எதுவானாலும் உங்கள் டொமைனில் உள்ள குறு முகவரியையே தாங்கட்டும். அடுத்த தடவை மென்பொருளே மாறினாலும் கோபுரம் கோபுரமாக ஏறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிராது.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனிச் சோதனை வேண்டும். யுனிகோடில் எழுதியவை நன்றாகவே வந்துசேரும். சிக்கல் இணைப்பாக ஏற்றிய பழைய வேர்டு கோப்புகளில்தான்: பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தவை கோப்பாக வரும், தேடலில் அகப்படாது, அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாதுகாப்பு நடைமுறைகள் எதுவும் இப்படி இருந்தால் மாற்றுவதற்கு முன்பே யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிடிஎஃபாக எடுக்கும்போது தமிழ் எழுத்துகள் உடைகின்றனவா, கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றனவா என்று பத்துப் பக்கமாவது எடுத்து டெக்னீஷியன் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

எதைக் கொண்டுபோகக் கூடாது

38 ஜிபியைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓர் இணைப்பை மறுபடி ஏற்றும்போதெல்லாம் பழைய பிரதி முழுதாகத் தங்கிவிடும். அதோடு குப்பைத்தொட்டியும் சேர்ந்து பருத்திருக்கும். இரண்டையும் கழித்தால் கணிசமாகக் குறையும். கட்டணத் திட்டங்களில் கீழ்த்தட்டான ஸ்டாண்டர்டில் 250 ஜிபி இடம் உண்டு என்பதால் இடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே இருப்பது என்ன என்பதுதான் கவலை. இரண்டைத் தேடுங்கள்.

ஒன்று, கடவுச்சொற்கள். காற்றாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் கடவுச்சொல்லை விக்கிப் பக்கத்தில் எழுதிவைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. பக்கத்திலிருந்து அழித்தால் போதாது, பழைய திருத்தங்களில் அது அப்படியே இருக்கும், வரலாற்றோடு சேர்ந்து கிளவுடுக்கும் போகும். வரலாற்றை நீக்குங்கள், கூடவே அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இனி அவற்றுக்கு பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வையுங்கள். மற்றது, தள நுழைவுக்காக ஏற்றிய டெக்னீஷியன்களின் ஆதார் நகல்கள், மருத்துவச் சான்றுகள். இவை விக்கியில் இருக்க வேண்டியவையே அல்ல. எடுத்துவிடுங்கள்.

சட்டக் கேள்விக்கும் இங்கேதான் பதில். வெளிநாட்டில் தரவு வைப்பதே குற்றம் என்பது தவறான எண்ணம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு அறிவித்துத் தடுக்கும் நாடுகளுக்கு மட்டுமே தரவை அனுப்பக் கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. கிளவுட் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டாலும் உங்கள் பணியாளர் தரவுக்குப் பொறுப்பு உங்கள் நிறுவனமே. தக்க பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் விஷயத்தில் சட்டத்தைவிட ஒப்பந்தம்தான் முதலில் கடிக்கும். காற்றாலை உரிமையாளரோடும் தயாரிப்பாளரோடும் போட்ட ஒப்பந்தங்களில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கும். அவர்கள் தந்த கையேடுகளை மூன்றாம் நபரின் சர்வரில் வைக்கக் கூடாது என்றோ, எழுத்தில் அனுமதி வேண்டும் என்றோ அதில் சொல்லியிருக்கலாம். பணம் கட்டுமுன் அதை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைக்காத கையேடுகள் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

வேறு வழிகள்

சொந்த சர்வரிலேயே ஓடும் டேட்டா சென்டர் வகைக்கு மாறலாம் என்று யாராவது சொல்வார்கள். அது 500 பேர் முதல்தான் விற்கப்பட்டது. 2026 மார்ச் 30 முதல் புதியவர்களுக்கு இல்லை, 2029 மார்ச் 28 உடன் முடிகிறது என்றும் அறிவித்துவிட்டார்கள். அந்த வாசல் உங்களுக்கு மூடியாயிற்று. ஒப்பந்தம் இடம் கொடுக்காவிட்டால் எக்ஸ்விக்கி போன்ற திறமூல மென்பொருளை மும்பையில் உள்ள வாடகைச் சர்வர் ஒன்றில் ஓட்டலாம். கான்ஃபுளுயன்ஸின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதியை உள்வாங்கும் வசதி அதில் உண்டு. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. ஆனால் திருத்தங்களைத் தவறாமல் போடும் வேலை உங்கள் தலையில்தான் நிற்கும். தனி ஆளாக நீங்கள் இருக்கும் நிலையில், ஒப்பந்தம் தடுக்காதவரை, கான்ஃபுளுயன்ஸ் கிளவுடையே நான் சொல்வேன்.

நாள் குறிப்பது

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்றுப் பருவம். அப்போது ஓர் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றாலும் நஷ்டம், நடு இரவிலும் பழுதுப் பக்கத்தைத் தேடுவார்கள். அந்த மாதங்களில் விக்கியில் கை வைக்கவே கூடாது. அக்டோபரில் ஆள் பட்டியலையும் குப்பையையும் சுத்தம் செய்யத் தொடங்குங்கள். உதவிக்கருவி உங்கள் பதிப்பில் ஓடுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஓடாது என்றால், சர்வரின் பிரதி ஒன்றில் இடையே ஒரு பதிப்பேற்றம் தேவைப்படும்.

நவம்பரில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். டிசம்பரில் முழு ஒத்திகை. ஒத்திகையில் வந்த பகுதியின் மேல் புதிய மாற்றங்களை மட்டும் சேர்த்து ஏற்ற முடியாது; அதே சாவியில் பகுதி இருந்தால் மறுபடி ஏறாது. கிளவுடில் இருப்பதை அழித்துவிட்டு முழுதாக ஏற்ற வேண்டும். இதை மறந்து ஒத்திகைப் பிரதியில் யாராவது எழுதத் தொடங்கிவிட்டால் அந்த எழுத்து போய்விடும். ஒத்திகைக் காலத்தில் உங்களையும் சோதிக்கும் நான்கைந்து பேரையும் தவிர யாருக்கும் அங்கே நுழைய அனுமதி வேண்டாம்.

உண்மையான மாற்றத்துக்குப் பொங்கல் விடுமுறை நல்ல சமயம், சேர்ந்தாற்போல் நான்கு நாள் கிடைக்கும். அதற்கு முந்தைய வாரமே இணைப்புக் கோப்புகளை மட்டும் தனியாக ஏற்றிவிடுங்கள். உதவிக்கருவியில் அந்த வசதி உண்டு. மாற்றும் நாளில் பழைய விக்கியில் யாரும் எழுதக் கூடாது. படிக்க மட்டும் என்ற நிலை சர்வர் வகையில் கிடையாது, எனவே பகுதி பகுதியாக எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, மேலே அறிவிப்புப் பட்டை போடுங்கள். மாறி முடிந்ததும் பக்கங்களின் எண்ணிக்கையைப் பகுதிவாரியாக ஒப்பிடுங்கள். அதிகம் படிக்கப்படும் 50 பக்கங்களை ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒருவர் திறந்து பார்க்கட்டும். அனுமதிகளைச் சரிபார்க்க நிர்வாகிக் கணக்கு உதவாது, சாதாரண மேற்பார்வையாளர் கணக்கில் நுழைந்து பாருங்கள். பிறகு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வருடாந்திரப் பராமரிப்பு நடக்கும்போது குறைகள் எல்லாம் வெளிவரும். காற்று தொடங்குமுன் திருத்திவிடலாம்.

பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். இணையத் தொடர்பைத் துண்டித்து, மாடியில் வைத்து, ஓர் ஆண்டாவது படிக்க மட்டும் ஓடட்டும்.

பேக்கப் வேலை போய்விடும் என்று நீங்களும் முதலாளியும் நினைப்பது சரியல்ல. 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனமே ஓட்டிய ஒரு நிரல், தவறான பட்டியலால் 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்துவிட்டது. கடைசித் தளம் திரும்ப ஏப்ரல் 18 ஆயிற்று. தரவு கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டு வாரம் அவர்களிடம் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை கிளவுடிலிருந்து முழு பேக்கப் இறக்கி உங்கள் டிஸ்க்கில் வைக்க வேண்டும். டெக்னீஷியன்களின் பிடிஎஃப் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். வருகிறவருக்குக் கணக்குத் திறந்து, போகிறவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். செருகுநிரல் கட்டணங்களைக் கவனிக்க வேண்டும். வன்பொருள் வேலை குறையும், இந்த வேலை கூடும். முதலாளியிடம் நாள் கேட்கப் போகும்போது இந்தப் பட்டியலையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள், எதிரே உங்கள் பெயரைப் போட்டே கொடுங்கள். கூடவே ரவுட்டர் போர்ட்டை மூடிய தேதியையும் குறித்து அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், யாராவது வசதிக்காக அதை மறுபடி திறக்கச் சொன்னால் காட்ட உதவும்.